கோலசிலாங்கூரில் ஒரு ரப்பர் வளையம்

நார்த்தங்காய் ஊறுகாய் இரண்டு பாட்டில் கொண்டுபோனேன். ஒன்று ஒழுகிவிட்டது.

கோலாலம்பூர் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பையைத் திறந்தபோது, நல்லெண்ணெய் இரண்டு புடவைகளை நனைத்து, அண்ணனுக்கு வாங்கிய வேட்டியிலும் ஏறியிருந்தது. அவர் மலாய்க்காரர். ஒரு விரலால் எண்ணெயைத் தொட்டு முகர்ந்து ஏதோ கேட்டார். எனக்கு மலாய் தெரியாது. ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவுதான். வரிசையில் பின்னால் நின்ற ஒருவர், "சாப்புடுற சாமானான்னு கேக்குறாரு" என்று சொல்லித் தந்தார். தலையாட்டினேன். அதிகாரி சிரித்துவிட்டுப் பையை மூடினார். வெட்கத்தில் நன்றி சொல்லவும் மறந்து நடந்துவிட்டேன்.

அந்தப் பாட்டில் ஒழுகியது என் தவறு. மதுரையில் ஒரு ரப்பர் பட்டறையில் இருபத்திரண்டு வருஷமாக வேலை செய்கிறேன். பம்புசெட்டுக்கும் லாரி இன்ஜினுக்கும் போகும் வளையங்களை அங்கே அச்சில் வார்க்கிறோம். வார்த்து வரும் வளையத்தின் ஓரத்தில் நிற்கும் பிசிறைக் கத்தியால் சீவுவது என் வேலை. பழுதென்று கழித்த வளையம் ஒன்றைப் பாட்டில் மூடிக்கு அடியில் போட்டால் எண்ணெய் கசியாது. ஒரு பாட்டிலுக்கு இன்ஜின் வளையம் சரியான அளவில் கிடைத்தது. மற்றதற்குக் கிடைக்கவில்லை. தண்ணீர்க் குழாய்க்குப் போகும் வளையத்தைப் போட்டு மூடினேன். அது மரத்து ரப்பர், பால்மரத்துப் பாலில் செய்வது. எண்ணெய் பட்டால் ஊறி, உப்பி, பிடியை விட்டுவிடும். இது தெரியாதவள் இல்லை நான். விமானத்தில் ஏறப்போகிற பயத்தில் தெரிந்ததெல்லாம் மறந்துபோயிற்று.

அண்ணன் முத்தையா, தாய்மாமாவோடு மலேயாவுக்குப் போனபோது அவருக்குப் பதினாறு வயது, எனக்கு ஆறு. அதன்பின் இரண்டு முறைதான் ஊருக்கு வந்தார். அப்பா சாவுக்கு ஒன்று, அம்மா சாவுக்கு ஒன்று. கோலசிலாங்கூருக்கு வடக்கே உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர் புகைவீட்டு மண்டோர். பால்மரத்துப் பாலை உறையவைத்துப் பாய்போல் தேய்த்து, மூங்கிலில் தொங்கவிட்டுப் புகை போடும் இடத்துக்கு அவர்தான் பொறுப்பு. எந்த ஷீட் ஒன்றாம் நம்பர், எது மூன்றாம் நம்பர் என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சொல்வதும் அவர்தான்.

ஏப்ரலில் அண்ணியிடமிருந்து கடிதம் வந்தது. அண்ணிக்கு எழுதத் தெரியாது. மகள் வசந்தி எழுதியிருந்தாள். அண்ணன் இரண்டு மாதமாக வேலைக்கு இறங்கவில்லையாம். காய்ச்சல் இல்லை, குடியும் இல்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறாராம். வேலைக்கு வராதவருக்குத் தொழிலாளர் லயத்தில் வீடு கிடையாது, மே மாதக் கடைசி வரை பார்ப்போம் என்று தோட்டத் துரை சொல்லிவிட்டாராம். ‘அந்த ராக்கெட் வெடித்ததிலிருந்துதான் அத்தை. நாங்கள் சொல்லி அப்பா கேட்கவில்லை. ரப்பர் விஷயத்தில் நீங்கள் சொன்னால் கேட்பார்.’ இவ்வளவுதான் கடிதம்.

வெடித்தது அமெரிக்காவின் விண்வெளி ஓடம். அந்த வருஷம் ஜனவரியில் ஏழு பேரோடு வானத்திலேயே சிதறியது. எங்கள் பட்டறையில் முதலாளி பேப்பரை உரக்கப் படித்தார். அதற்கும் என் அண்ணனுக்கும் என்ன சம்பந்தம் என்று முதலாளியைத் தவிர பட்டறையில் வேறு யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

எங்களுக்குள் பேச வேறு எதுவும் இருந்ததில்லை. ஆறு வயதில் பிரிந்த தங்கைக்கு ஒரு மனிதர் என்ன எழுதுவார்? முதலில் வந்த கடிதங்களெல்லாம் நலம், நலமறிய ஆவல். பிறகு ஒருநாள், மறுபடி மறுபடி பறக்கக்கூடிய ஒரு ராக்கெட் கட்டுகிறார்கள் என்று பேப்பரில் பார்த்ததாக எழுதினார். அதிலிருந்து கடிதம் நீண்டது. ‘பால் பிடிக்க மரத்தில் கட்டும் மங்குக் கிண்ணத்தைத் தினம் ஒன்று உடைத்துப் போட்டால் எந்தத் தோட்டம் தாங்கும்? பாலை வழித்து ஊற்றிவிட்டுக் கவிழ்த்து வைக்கிறோம், மறுநாளும் அதே மங்குதான். இத்தனை நாள் ராக்கெட்டை ஒரு தடவை விட்டுவிட்டுக் கடலில் எறிந்துகொண்டிருந்தார்கள். இப்போதுதான் புத்தி வந்திருக்கிறது.’ இப்படி எழுதுவார்.

பிறகு கேள்விகள் வந்தன. மேலே காற்றே இல்லையே, இறக்கை எதற்கு? திரும்பி இறங்கும் கொஞ்ச நேரத்துக்காக அவ்வளவு கனத்தையும் சுமந்துகொண்டு போகவேண்டுமா? குடை விரித்துக் கடலில் இறங்கினால் ஆகாதா? அடுத்த கடிதத்தில் அவரே பதிலும் எழுதுவார். கடலில் விழுந்தால் உப்பு இன்ஜினைத் தின்றுவிடும், அதனால்தான் இறக்கை. அடி வயிற்றில் சூடு தாங்க ஆயிரக்கணக்கான ஓடுகள், ஒன்றைப்போல் ஒன்று இல்லை, ஒவ்வொன்றுக்கும் நம்பர், ஒவ்வொன்றையும் ஆள் கையால் ஒட்டவேண்டும். முதல் பயணத்தில் சில ஓடுகள் கழன்றுபோனதாகப் படித்துவிட்டு ஒரு மாதம் கவலைப்பட்டார். நான் இந்தக் கடிதங்களை முதலாளியிடம் காட்டி, அவர் சொல்வதைப் பதிலாக எழுதுவேன். அப்படித்தான் எனக்கு ஓர் அண்ணன் கிடைத்தார்.

வசந்தி விமான நிலையத்துக்கு வந்திருந்தாள். பத்தொன்பது வயது. கிள்ளானில் ஒரு பேக்டரியில் வேலை. போட்டோவில் பார்த்ததைவிட உயரம். "அத்தை, என்ன இவ்ளோ பேக்? ஊரையே தூக்கிட்டு வந்திட்டீங்களா?" என்றாள். எண்ணெய்ப் பையை எடுத்தவள், "ஐயோ, வாசம் லா" என்று மூக்கைப் பிடித்தாள். பிடித்தபடியே கடைசி வரை அதைச் சுமந்ததும் அவள்தான்.

அன்று கிள்ளானில் அவள் தோழிகளின் அறையில் தங்கினேன். காலையில் வாழையிலையில் மடித்த நாசி லெமாக் வாங்கித் தந்தாள். தேங்காய்ப் பாலில் வெந்த சோறு, மேலே மிளகாய்க் குழம்பு. மிளகாயில் இனிப்பு இருந்ததைக் கண்டு எனக்குத் திகைப்பு. நம் ஊரில் காரத்தில் சர்க்கரை போட்டால் சண்டையே வரும். மூன்றாவது வாயில் பிடித்துப்போயிற்று. இன்னொன்று கேட்க வெட்கமாக இருந்தது. வசந்தி கேட்காமலே வாங்கி வந்தாள்.

கோலசிலாங்கூர் பஸ் ஜெராம் என்ற ஊர் கிட்டத்தில் நின்றுவிட்டது. பின் டயர் வெடித்திருந்தது. எல்லாரும் சத்தமில்லாமல் இறங்கினார்கள். மதுரையில் இந்நேரம் டிரைவரைச் சுற்றி நாற்பது யோசனை கேட்டிருக்கும். இங்கே ஒரு சீனக் கிழவர் மட்டும் ஏதோ சொன்னார். பத்துப்பேர் சிரித்தார்கள். என்ன என்று வசந்தியிடம் கேட்டேன். போன மாதமும் இதே மரத்தடியில்தான் நின்றது, பஸ்ஸுக்கு இங்கே உறவுக்காரர் யாரோ இருக்கிறார் என்கிறாராம்.

பக்கத்தில் ஒரு மலாய் அம்மாள் வாழையிலையில் மீனை வைத்துச் சுட்டுக்கொண்டிருந்தார். வசந்தி அங்கே போனாள். நான் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தொழில் புத்தி. தேய்ந்த டயருக்கு மேலே புது ரப்பர் ஒட்டி ஓட்டியிருந்தார்கள், அது உரிந்து வந்திருந்தது. கிழிந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தேன், இன்னும் சூடு ஆறவில்லை. மரத்து ரப்பர் வாசம் வந்தது. இதைப் பிறகு எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டேன்.

தோட்டத்துக்குப் போய்ச் சேர மாலை நான்கு மணி. மழை பெய்து ஓய்ந்திருந்தது. அங்கே தினமும் மாலையில் மழை வந்துவிடும் என்றாள் வசந்தி. அண்ணன் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார். கன்னம் ஒட்டி, சட்டை தோளில் தொங்கியது. "வா செல்லம். தங்கச்சி மாதிரி வரல, அம்மா மாதிரி வந்திருக்க" என்றார். தலைமயிரைச் சொன்னார். முக்கால்வாசி நரைத்துவிட்டது எனக்கு.

உள்ளே போனதும் நான் பார்த்தது சுவரைத்தான். கூரை தொடங்கும் இடத்திலிருந்து இடுப்பளவு வரை பேப்பரில் வெட்டிய படங்கள், கோந்து போட்டு ஒட்டியவை. ஓடம் ஏறும் படம், இறங்கும் படம், கப்பல் ஒன்று வெள்ளைக் குழாயைக் கடலில் இழுத்து வரும் படம். இனிமேல் வரப்போகிற, விமானம் போல ஓடியே மேலே எழும்பும் ஒன்றின் வரைபடமும் இருந்தது. தமிழ், மலாய், ஆங்கிலம், சீனம் எல்லாப் பேப்பரும் உண்டு. தனக்குத் தெரியாத எழுத்திலும் படத்துக்காக வெட்டி வைத்திருக்கிறார். கடைசியாக ஒட்டியதில் வானத்தில் வெள்ளைப் புகை இரண்டு கிளையாகப் பிரிந்திருந்தது.

சாப்பிடும்போது ஒழுகாத பாட்டிலைத் திறந்து நார்த்தங்காய் வைத்தேன். அண்ணன் ஒரு துண்டை நாக்கில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். சோறு பாதி மீந்தது.

மறுநாள் காலை அண்ணி என்னைக் கிராணியார் வீட்டுக்கு அழைத்துப் போனார். கிராணியார் தோட்ட ஆபீசில் கணக்கு எழுதுபவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம், கண்ணாடி போட்ட அமைதியான மனிதர். வாசலில் என்னைப் பார்த்ததும் மனைவியிடம் கோப்பி போடச் சொன்னார். அவர் குரலில் ஒரு குற்றவாளியின் தயக்கம் இருந்தது.

பிப்ரவரியில் அவர் வீட்டு டிவியில்தான் அண்ணன் அதைப் பார்த்தாராம். ஓடத்தின் பக்கத்தில் கட்டியிருந்த பெரிய குழாயின் மூட்டில் இருந்த ரப்பர் வளையம் குளிரில் விறைத்துப்போய், நெருப்பு கசிந்துவிட்டது என்று செய்தி. அமெரிக்காவில் ஒரு விஞ்ஞானி வளையத்துண்டை ஐஸ் தண்ணீரில் போட்டுக் காட்டினார். கிராணியார் தமிழில் விளக்கினார். அண்ணன் எழுந்து போனார். மறுநாள் புகைவீட்டு ஷீட்டில் ஒரு துண்டைக் கொண்டுவந்து, இதை உங்கள் ஐஸ்பெட்டியில் வைக்கலாமா என்று கேட்டார். இரண்டு நாள் கழித்து எடுத்தபோது அது பலகை மாதிரி விறைத்திருந்தது.

"அதைக் கையில வச்சுக்கொண்டு ஒரு மணித்தியாலம் இதே கதிரையில இருந்தவர், பிள்ளை. பிறகு என்னட்டைக் கேட்டவர், அந்த வருஷத்து ஷீட்டுக் கட்டு எந்த ஊருக்குப் போனதெண்டு. நான் பழைய புத்தகத்தைப் பார்த்து அமெரிக்கா எண்டு சொல்லிப்போட்டன். சொல்லாமல் விட்டிருக்கலாம்."

எந்த வருஷத்துக் கட்டு என்று நான் கேட்கவில்லை. அண்ணன் வாயால் வரட்டும் என்று இருந்தேன். வரும் வழியில் அண்ணி சொன்னது ஒன்றுதான். "வீடு போனா போவட்டும் செல்லம். இந்த மனுசன் போயிருவாரு போல இருக்கு."

மூன்றாம் நாள் அண்ணனே கோலசிலாங்கூர் குன்றைக் காட்டுகிறேன் என்று கிளம்பினார். விருந்தாளியை வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பது அவருக்கு ஒப்பவில்லை. வேலைக்கு இறங்காமல் உட்கார்ந்ததிலிருந்து அவர் தோட்டத்தைத் தாண்டுவது அதுதான் முதல் தடவை என்று அண்ணி என் காதில் சொன்னார்.

குன்றின் மேலே ஒரு கலங்கரை விளக்கம், பழைய பீரங்கிகள், சாம்பல் நிறக் குரங்குகள். நம் அழகர்மலைக் குரங்குகளுக்கு இந்தப் பொறுமை கிடையாது. இவை கையை நீட்டிக் காத்திருந்து, கொடுத்தால் வாங்கிக்கொண்டன. ஒன்று மட்டும் என் தோளில் ஏறி, முடிச்சிட்ட முந்தானையை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று இறங்கிப் போனது. அண்ணன் சிரித்தார். அந்தப் பயணத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அது ஒன்றுதான்.

கீழே சேறும் அலையாத்திக் காடும், அதற்கு அப்பால் கடலும் தெரிந்தன. அவர் கடலைக் கையால் காட்டிப் பேச ஆரம்பித்தார். பக்கக் குழாய்கள் இரண்டும் எரிந்து முடிந்ததும் குடை விரித்து இப்படித்தான் கடலில் விழும், கப்பல் போய் இழுத்து வரும், உப்பைக் கழுவி, துண்டு துண்டாகப் பிரித்து, மறுபடி எரிமருந்து நிரப்பி, மறுபடி மாட்டுவார்கள். எனக்குக் கடிதத்தில் எழுதியதுதான். ஆனால் அவர் வாயால் கேட்டபோது, புகைவீட்டு வேலையை விவரிப்பதுபோல அவ்வளவு பழக்கமாக இருந்தது.

"ஒரே குழாயா செஞ்சிருந்தா மூட்டே இல்ல, செல்லம். ஆனா திரும்ப வேணும்னா பிரிக்கணும். பிரிக்கணும்னா மூட்டு வேணும். மூட்டுன்னா ரப்பர். எல்லாம் கடைசில நம்மகிட்டதான் வந்து நிக்கிது."

பிறகு அந்தக் கட்டைப் பற்றிச் சொன்னார். ஓடம் முதல் தடவை பறப்பதற்கு முந்தின வருஷம் விடாத மழை. விறகெல்லாம் ஈரம். புகை சரியாகப் பிடிக்காமல் ஷீட்டுகள் நடுவில் வெளுத்து, பூசணம் பூத்து நின்றன. கப்பலுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அப்போதிருந்த துரை வேகப்படுத்தினார். அண்ணன் கழித்துப் போடவேண்டிய ஷீட்டுகளை உள்ளே வைத்து, மேலும் கீழும் நல்லதை வைத்துக் கட்டி, ஒன்றாம் நம்பர் முத்திரை குத்தினார். முப்பது வருஷத்தில் அந்த ஒரு தடவைதான். யாரும் கண்டுபிடிக்கவில்லை.

"ஏழு பேரு. அதுல ஒரு பொம்பள டீச்சர். அவ பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க டிவில பாத்துக்கிட்டு இருந்துச்சாம். கைதட்டிக்கிட்டு இருந்துச்சாம்."

எனக்கு அங்கேயே பதில் தெரியும். வாய்வரை வந்தது. ஆனால் சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். என் சுபாவமும் அப்படித்தான், நாலுபேர் இருக்கும் இடத்தில் என் குரல் எழும்பாது. வாயால் சொன்னால் ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்றுதான் அண்ணன் நினைப்பார் என்றும் தோன்றியது. அவருக்குக் கையில் எடுத்துப் பார்க்க ஏதாவது வேண்டும். திரும்பும் பஸ்ஸில் அது என்னவென்று புரிந்தது. என்னிடம் இரண்டு வளையங்கள் இருந்தன. அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தப் பஸ்ஸிலும் உட்கார்ந்ததில்லை.

மறுநாள் காலை அடுப்படியில் அண்ணனை உட்காரவைத்தேன். இரண்டு பாட்டில்களின் வளையங்களையும் கழுவித் துடைத்து அவர் முன்னால் வைத்தேன். ஒன்று உப்பி, இரண்டு பங்கு தடித்து, நசுக்கினால் பிய்ந்து வந்தது. மற்றது அச்சிலிருந்து வந்த அன்று இருந்த மாதிரியே இருந்தது. ஒரே எண்ணெய்தான் அண்ணே, ஒரே நாளில்தான் மூடினேன் என்றேன்.

அவர் உப்பியதை எடுத்து முகர்ந்தார். "இது நம்ம பாலு" என்றார். மற்றதை முகர்ந்தார், பல்லில் கடித்தார், இழுத்துப் பார்த்தார். பிறகு தீக்குச்சி கேட்டார். ஒரு நுனியைக் கொளுத்தி, அணைத்து, புகையைக் கையால் மூக்குக்குத் தள்ளினார். முப்பது வருஷம் புகைவீட்டில் நின்ற மூக்கு. முகம் மாறியது. "இது எந்த மரம்?" என்று கேட்டார்.

"எந்த மரமும் இல்லண்ணே. மூட்டையில வர்றது. கெமிக்கல் பேக்டரியில செய்யிற ரப்பரு. இன்ஜினுக்கு இதத்தான் போடுவோம். ராக்கெட்ல போட்டது இதுக்கும் மேல, இன்னும் ஒசந்த சாதி. அந்தச் சூட்டுல மரத்து ரப்பர் நிக்காது, அங்க அதைப் போடவே மாட்டாங்கன்னு எங்க முதலாளி அன்னைக்கே பட்டறையில சொன்னாரு."

அண்ணி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணன் கருகிய நுனியைத் திரும்பத் திரும்ப முகர்ந்தார். ரப்பர் என்றால் மரத்திலிருந்து வருவது. பதினாறு வயதிலிருந்து அவருக்கு வேறு ரப்பர் தெரியாது. பேப்பரிலும் டிவியிலும் ரப்பர் என்றுதான் சொன்னார்கள். எந்த ரப்பர் என்று பால்வெட்டுத் தோட்டத்தில் யார் கேட்பார்கள்?

"அப்ப அந்தக் கட்டு?" என்றார்.

"அது எங்கயாச்சும் செருப்பா போயிருக்கும்ணே. இல்லன்னா கால்மிதி. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆயிருக்காது" என்றேன். எனக்குச் சிரிப்பு வந்தது. நிம்மதிச் சிரிப்பு.

"செருப்பா?"

"ஆமாண்ணே."

அவர் வளையத்தைக் கீழே வைத்தார். சுவரைப் பார்த்தார்.

"அப்ப நம்ம பாலு ஒரு தடவகூட மேல போவலயா, செல்லம்?"

நான் அந்தக் கேள்விக்குத் தயாராகப் போகவில்லை. ஏழு பேர் சாவுக்கு அவர் காரணம் இல்லை என்று சொல்லத்தான் போனேன். முந்தின ஐந்து வருஷம் அந்த ஓடம் ஏறி இறங்கிய ஒவ்வொரு தடவையும், இந்த லயத்தில் ஒரு மனிதர் தன் புகைவீட்டு ஷீட்டும் கூடவே போய் வருவதாக நினைத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அந்த நொடியில்தான் தெரிந்தது. எந்தக் கடிதத்திலும் அதை அவர் எழுதியதில்லை. அவரும் கூச்சக்காரர்தான்.

"போவலண்ணே" என்றேன். பொய் சொல்லத் தெரிந்திருக்கலாம்.

அன்று மதியம் அண்ணன் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். அண்ணி அடுப்படியில் திரும்பி நின்று அழுதார். மறுநாள் விடியலில் ஆள் கூப்பிடும் பிரட்டுக்கு அவர் போய் நின்றதாக வசந்தி ஓடிவந்து சொன்னாள். கிராணியார் சைக்கிளில் வந்து, துரை ஒன்றும் சொல்லவில்லை, வீட்டுக்குப் பயமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லாரும் என்னைப் பார்த்த பார்வையில் எனக்குக் கூச்சமாக இருந்தது. அக்கம்பக்கத்தில் ஒரு அம்மாள், "மருந்து கொண்டாந்தீங்களாமே ஊர்ல இருந்து, எனக்கும் கால் வலிக்கு இருக்கா?" என்று கேட்டார். ஊறுகாய்தான் இருக்கிறது என்றேன். அதையே வாங்கிக்கொண்டு போனார்.

மிச்ச நாட்கள் அண்ணன் வேலைக்குப் போனார், வந்தார், குளித்தார், சாப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சுங்கை பெசார் போனோம். வழியெல்லாம் தட்டையான வயல், வாய்க்கால், பச்சை. தஞ்சாவூர்ப் பக்கம் போல இருக்கிறது என்றேன். அப்படியா என்றார். சந்தையில் அண்ணி எனக்காக நெத்திலிக் கருவாடு வாங்கினார். திரும்பும்போது ராக்கெட்டைப் பற்றி நானாக ஒன்று கேட்டேன், அந்த ஓடியே மேலே ஏறும் புது மாதிரி எப்போது வரும் என்று. "தெரியல செல்லம். அவுங்க பாத்துக்குவாங்க" என்றார். அவர்களை ‘அவுங்க’ என்று அவர் சொல்லி அன்றுதான் கேட்டேன். அதற்கு முன், ஓடம் பறக்கத் தொடங்கியபிறகு வந்த எல்லாக் கடிதத்திலும் ‘நாம்’ என்றுதான் இருக்கும். ‘நாம் ஓடு ஒட்டுவதில் இன்னும் தேறவில்லை.’ ‘நாம் அந்த நடு எரிபொருள் தொட்டியையும் வீணாக்காமல் இருக்க வழி பார்க்கவேண்டும்.’

கிளம்பும் அன்று காலையில் சுவர் வெறுமையாக இருந்தது. கோந்து காய்ந்த சதுரங்கள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன. அண்ணி கருவாட்டைப் பல மடிப்புப் பேப்பரில் சுற்றிக் கட்டித் தந்தார். எந்தப் பேப்பர் என்று நான் பார்க்கவில்லை. மதுரையில் வந்து பிரித்தபோதுதான் பார்த்தேன். மேல் மடிப்பில் ஓடம் ஓடுதளத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. நெத்திலி எண்ணெய் ஏறிப் படம் கண்ணாடி போல ஆகியிருந்தது.

அந்தத் தாளைப் பட்டறைக்கு எடுத்துப்போனேன். முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். அவரிடம் நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுவே முதல் தடவை. அவர் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். வளையத்தைப் பற்றி நீ சொன்னது சரிதான், ஆனால் இதைப் பார், என்று சக்கரத்தின் மேல் நகத்தை வைத்தார். விமான டயருக்கு மரத்து ரப்பர்தான் பெரும்பகுதி. அவ்வளவு கனம் அவ்வளவு வேகத்தில் தரையில் மோதும்போது எழும் சூட்டையும் அடியையும் அதுதான் தாங்கும். இதுவும் டயரில்தானே இறங்குகிறது? அது எந்த ஊர் மரம், எந்தத் தோட்டத்துப் பால் என்று யாரால் சொல்லமுடியும்?

ஜெராமில் அந்த டயரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு அவ்வளவு நேரம் நின்றவள் நான். அந்த வாசம் என் விரலிலேயே இருந்தது.

அன்றைக்கே அண்ணனுக்கு நான்கு பக்கம் எழுதினேன். மேலே போய்ச் சுற்றி, எரிந்து, ஓடு கழன்று, கடைசியில் தரையைத் தொடும்போது முதலில் தொடுவது மரத்து ரப்பர் என்று எழுதினேன். உங்கள் பாலாகவும் இருக்கலாம் அண்ணே, இல்லை என்று சொல்ல யாருக்கும் முடியாது என்று எழுதினேன். படத்தைக் கூடவே வைக்க நினைத்தேன். கருவாட்டு வாசம் அடித்ததால் வைக்கவில்லை.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. அரைப்பக்கம்.

‘அன்புள்ள தங்கைக்கு, இங்கு அனைவரும் நலம். உன் நலமறிய ஆவல். டயர் பற்றி எழுதியிருந்தாய். படித்தேன். இங்கே நல்ல மழை.’